செமிலிங் மூணுல ஒரு காய்

ஜூலியஸ் கிராணி டாம் விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருந்த காலம் அது. எழுபத்து நாலு, எழுபத்தைந்து வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். கோலா கெத்திலிலிருந்து உள்ளே பிரிகிற செம்மண் சாலையில் ஒரு கித்தாத் தோட்டம், ரப்பர் பால் வெட்டுகிற இடம். அதன் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி அவர். மனைவி அகத்தா தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் ஆபீசுக்கும், அவர் தோற்றுப் புலம்புகிற சத்தம் வீட்டுக்கும் நன்றாகவே கேட்கும்.

அந்தச் சாலையில் டெலிபோன் வைத்திருந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். ஆபீசுக்கு நீளமாக இரண்டு, கட்டையாக ஒன்று. மற்ற இடங்களுக்கு வேறு வேறு மாதிரி. அடுத்தவர் மணிக்கு நாம் எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. எல்லாரும் எடுத்தார்கள். எடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, சத்தம் வராமல் வைத்தார்கள். யாருக்கு எந்த ஊரில் பெண் பார்க்கிறார்கள், யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் சாலைக்கே தெரியும். ஆனால் தெரிந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்வதில்லை. அது ஒரு மரியாதை.

ஒருநாள் மத்தியானம் மேனேஜர் நடராஜா சுங்கைப் பட்டாணிக்குப் போயிருந்தார். உரக்கடைக்குப் பேசலாம் என்று ஜூலியஸ் ரிசீவரை எடுத்தார். கம்பியில் டக், டக் என்று ஒரு சத்தம்.

"யாரது?" என்றார்.

"லைன் வேணுமா சார்? வச்சிடுறேன்," என்றது ஓர் ஆண்குரல்.

"இருங்க. அது என்ன சத்தம்?"

"டாம் சார். ஒத்த ஆளா வெளையாடிக்கிட்டு இருக்கேன்."

"ஒத்த ஆளா வெளையாடுறதுக்கு எதுக்கு டெலிபோன எடுத்து வச்சிருக்கீங்க?"

"யாராவது வருவாங்களான்னு பாக்குறேன்."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அய்யாவு. ஆற்றங்கரைத் தண்ணீர்ப் பம்பு வீட்டில் தனியாக மெஷின் பார்த்துக்கொண்டிருந்தவர். இதெல்லாம் ஜூலியசுக்கு அப்போது தெரியாது. அவர் பெயர் கேட்டபோது அய்யாவு சொல்ல மறுத்துவிட்டார்.

"பேரு வேணாம் சார். பேரு தெரிஞ்சா அப்புறம் பாசார்ல பாத்து சிரிக்கணும், வீட்ல சொகமான்னு கேக்கணும். வெளையாட்டு கெட்டுப் போயிடும்."

ஜூலியசுக்கும் அது சரியென்று பட்டது. அன்றைக்கே ஆட்டம் தொடங்கியது.

டாம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பலகை. காய்கள் மூலைவாட்டமாக நகரும், எதிரியின் காயைத் தாண்டினால் அதைச் சாப்பிடலாம். எதிர்க்கோடியைத் தொட்டுவிட்ட காய் ஹாஜி ஆகிவிடும். பிறகு அதைப் பிடிக்க முடியாது, பலகை முழுக்க அது சொன்னபடிதான். கோப்பிக் கடைகளில் பாட்டில் மூடிகளை வைத்து விளையாடுவார்கள். ஜூலியசும் அப்படித்தான், ஒருவருக்கு மூடி நிமிர்ந்திருக்கும், மற்றவருக்குக் கவிழ்ந்திருக்கும்.

டெலிபோனில் விளையாட, கட்டத்துக்கெல்லாம் பெயர் வேண்டும். இங்கிலீஷ் எழுத்து வைத்துப் பார்த்தார்கள். பி என்றாலும் டி என்றாலும் அந்தக் கம்பியில் ஒரே மாதிரி கேட்டது. ஆகவே வரிசைகளுக்கு ஊர்ப் பெயர் வைத்தார்கள். பீடோங், செமிலிங், மெர்போக், குருண், கூலிம், யான், மெர்கோங் என்று பஸ் போகிற, போகாத ஊரெல்லாம் பலகைக்குள் வந்தன. "செமிலிங் மூணுலேர்ந்து மெர்போக் நாலுக்கு" என்று ஒருவர் சொல்வார். "மெர்போக்ல உங்க ஆள முடிச்சிட்டேன் சார்" என்று மற்றவர் சொல்வார். முடிப்பது எப்போதும் அய்யாவுதான்.

நாள் தவறாமல் தோற்றார் ஜூலியஸ். சாயங்காலம் வீட்டுக்குள் வந்து தொப்பென்று உட்காருவார்.

"இன்னைக்கு எந்த ஊர்ல செத்தீங்க?" என்பாள் அகத்தா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒருநாள் ஆட்டம் மோசமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அய்யாவு மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருகிறேன் என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். ஜூலியஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கம்பியில் ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, குறுக்க பேசுறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கும் செமிலிங்குக்கு லோரி போகுதா?"

"லோரியா? எந்த லோரி?"

"தெனமும் அனுப்புறீங்கள்ல. பீடோங்குக்கு ரெண்டு, செமிலிங்குக்கு மூணுன்னு. எனக்கு ஒரு மூட்ட புளி மட்டும் அங்க போய்ச் சேரணும். எடம் இருக்குமான்னு ரொம்ப நாளா கேக்கலாம்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

"இது லோரி கம்பெனி இல்லீங்க. டாம் வெளையாடுறோம்."

பின்னணியில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது. அந்தக் குரல் மறுபடி வந்தபோது அதில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"டாமா? அப்ப எதுக்குண்ணே செமிலிங் மூணுல போயி ஒரு காய நிறுத்தினீங்க? அது போனா பின்னாலயே மூணு போகுமே. லோரின்னு நெனச்சதால நானும் சும்மா இருந்துட்டேன்."

ஜூலியஸ் பலகையைப் பார்த்தார். ஆமாம், மூன்றும் போகும். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, யாருன்னு தெரியல. கொஞ்சம் ஒதவி பண்ணுங்களேன்," என்றார். வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் கேட்ட முதல் உதவி அதுதான்.

அந்தப் பெண் உமையாள். சாலை முனையில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். புருஷன் கல்லாவில் நின்று பேசுவார், உமையாள் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசாமல் எடை போட்டுக் கட்டித் தருவாள். அவள் சொன்னபடி ஆடி ஜூலியஸ் அன்றைக்கு ஜெயித்தார். வீட்டுக்குள் வந்து அகத்தாவிடம் சொன்னார். அகத்தா மெஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உதவி கிடைக்கிற இடம் என்று தெரிந்ததும் உதவுகிறவர்கள் சேர்ந்துவிட்டார்கள். மறுநாள் உமையாள் ஒரு காயைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "எனக்கு அதுல சம்மதம் இல்லம்மா" என்று கனமான ஆண்குரல் ஒன்று கேட்டது. அது ஜெரார்ட், பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து போடுகிற டிரஸ்ஸர். காய்களை நோயாளி மாதிரி பேசுவார். "கூலிம்ல இருக்கிறது பொழைக்காது. அத விட்டுட்டு குருண்ல இருக்கிறத காப்பாத்துங்க." அதற்கப்புறம் சின்னையா. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பங்களாவுக்கு அவர்தான் காவல். அங்கேயும் டெலிபோனை யாரும் கழற்றவில்லை. சின்னையாவுக்கு டாம் தெரியாது, உதவி செய்ய மட்டும் ரொம்ப ஆசை. ஒவ்வொரு ஆட்டத்திலும், "முன்னால போங்கலா, பயப்படாதீங்க" என்பார். யாருக்காவது காய் போய்விட்டால், எந்தப் பக்கத்துக் காயாக இருந்தாலும், "பாவம்" என்பார்.

சின்னையாவைத் தவிர எல்லாரும் அவரவர் இடத்தில் ஒரு பலகை வைத்துக்கொண்டார்கள். கம்பியில் காதில் விழுகிறதை வைத்து அவரவர் பலகையில் காய் நகர்த்தினார்கள்.

ஒரு சிக்கல் இருந்தது. எல்லாரும் ஒரே கம்பியில் இருப்பதால் இவர்கள் யோசனை பண்ணுவது அய்யாவுக்கும் கேட்கும். இதற்கு யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, தானாகவே ஒரு பழக்கம் வந்தது. இவர்கள் பேசும்போது அய்யாவு, "நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு மெல்ல ஒரு பாட்டை முனகுவார். யோசனை முடிந்ததும், "ஆச்சு" என்றால் பாட்டை நிறுத்துவார். அவர் நிஜமாகவே கேட்கவில்லை என்பதை எல்லாரும் நம்பினார்கள். பிறத்தியார் கல்யாணப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருந்து பழகிய சாலை அது.

எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ அத்தனைக்கு அந்தக் கம்பியில் சத்தம் மங்கும். அதனால் எல்லாரும் கத்தினார்கள். நடுவில் யாராவது வெளியூரிலிருந்து உண்மையான வேலையாகக் கூப்பிட்டால் அவர்களையும் காக்க வைத்தார்கள். ஒரு தடவை உரக்கடைக்காரர், மூட்டை அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்க வந்தவர், "கொஞ்சம் இருங்க, யான்ல மாட்டிக்கிட்டோம்" என்ற ஜூலியசின் பதிலைக் கேட்டுப் பயந்து போய், யானுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

நாளாக ஆக, உதவுகிறவர்கள் பலகையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெர்கோங் பக்கம் ஜெரார்ட் பொறுப்பு. பீடோங், செமிலிங் உமையாள். அந்தப் பக்கத்துக் காயை இந்தப் பக்கத்தார் விட்டுக்கொடுக்கச் சொன்னால் சண்டை. "எங்க காயத்தான் எப்பவும் பலி குடுக்கணுமா?" என்று உமையாள் இரண்டு நாள் பேசாமலே இருந்தாள். ரிசீவரை எடுத்துக்கொண்டு பேசாமலிருந்தாள், அவள் கோழி மட்டும் கேட்டது. சமாதானம் பண்ண ஜெரார்ட் மெர்கோங்கில் ஒரு நல்ல காயை வேண்டுமென்றே சாகக் கொடுத்தார்.

இதற்கிடையில் ஒருநாள் ஜூலியஸ், "கூலிம்ல இருக்கிறத முன்னால விடலாமா?" என்று கேட்டார்.

"யாரு இது புதுசா?" என்றார் ஜெரார்ட்.

"நான்தான். ஆட்டமே என்னுதுதான்."

"ஓ, காய் நகத்துறவரா," என்றாள் உமையாள். "அண்ணே, நாங்க சொல்றத மட்டும் நகத்துங்க. கொழப்பிடாதீங்க."

ஜூலியஸ் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். ஜெயித்திருந்தார்கள். இப்போதெல்லாம் தினமும் ஜெயித்தார்கள்.

"ஒதவி கேட்டேன், அகத்தா. ஒதவி பண்ணினாங்க. இப்ப என்னைய வெளில நிறுத்திட்டாங்க."

"உள்ள இருந்தப்ப மட்டும் என்ன பண்ணினீங்க, தோத்தீங்க," என்றாள் அகத்தா. அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், ஆனால் கோப்பியில் அன்றைக்குப் பால் அதிகமாக ஊற்றியிருந்தாள்.

ஒரு மழை நாள் அது. ஆட்டம் தொடங்கவிருந்தது. அய்யாவு வழக்கமாக முதல் காயைச் சொல்வார், அன்றைக்குச் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நீங்க நாலு பேரு. நான் ஒத்த ஆளு. நான் ஒண்ணும் தப்பு சொல்லல, வெளையாட்டுன்னா அப்படித்தான். ஆனா உங்க பக்கத்துலேர்ந்து யாராச்சும் ஒருத்தர் இந்தப் பக்கம் வர முடியுமா? கொஞ்சம் ஒதவியா இருக்கும்."

ஜெரார்ட் இருமினார். உமையாள், "அதெப்படிங்க, இங்க பொறுப்பு இருக்கே" என்றாள். சின்னையா மட்டும் "நான் வரேன்லா" என்றார். அய்யாவு மரியாதையாக, "உங்களுக்குச் சிரமம் வேணாம்ணே" என்று சொல்லிவிட்டார்.

ஜூலியஸ் தன் பலகையைப் பார்த்தார். எதிரே பார்த்தார். மேசைமேல் அகத்தா ஓரம் அடித்து வைத்த கைக்குட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து ரிசீவரின் வாயில் சுற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் வர்றேன்," என்றார். "நான் புதுசு. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"வாங்க சார்," என்றார் அய்யாவு. "வாங்க, வாங்க."

இப்படித்தான் ஜூலியஸ் இரண்டு பக்கமும் ஆனார். இதில் அவர் ஏமாற்று எதுவும் பண்ணவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கைக்குட்டை இல்லாதபோது உமையாளும் ஜெரார்டும் சொன்ன காயை வரி பிசகாமல் நகர்த்தினார். அவர்கள் பேசும்போது அய்யாவுடன் சேர்ந்து தானும் ஒரு கோயில் பாட்டை முனகினார். கைக்குட்டை சுற்றியபோது தன் முழு புத்தியையும் அய்யாவுக்குக் கொடுத்தார். அப்போது அந்தப் பக்கத்தில் உமையாள் ஒரு பாட்டு, ஜெரார்ட் ஒரு பாட்டு, சின்னையா ஒரு பாட்டு என்று முனகினார்கள். வெளியூரிலிருந்து அந்த நேரம் யாராவது கூப்பிட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அதிசயம் என்னவென்றால் ஜூலியஸ் நன்றாக விளையாடினார். தன் பக்கத்துக்கு விளையாடியபோது வராத யோசனையெல்லாம் எதிர்ப்பக்கத்துக்கு வந்தது. அய்யாவு பக்கம் மறுபடி ஜெயிக்க ஆரம்பித்தது.

"அந்தப் புது ஆள் கெட்டிக்காரர்," என்று ஜெரார்ட் ஒருநாள் ஒத்துக்கொண்டார்.

ஜூலியஸ் ஆபீஸ் மேசையில் தனியாக உட்கார்ந்து வெட்கப்பட்டார்.

உமையாள் அதைவிட ஒருபடி மேலே போனாள். "காய் நகத்துற அண்ணே, உங்களுக்குத்தான் இங்க வேலையில்லயே. அந்தப் புது ஆள் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

"விசாரிக்கிறேன்," என்றார் ஜூலியஸ். அவருக்கு அது கடமையாகவே பட்டது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, தன்னைத் தேடுகிறவர் மாதிரி நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள், "இன்னும் தெரியல" என்று தகவலும் சொன்னார்.

"உங்கள நீங்களே தேடி அலையிறதுக்கு என் கைகுட்டை வேற," என்றாள் அகத்தா. "அதுல எச்சி படுது. நாளைக்குத் தொவச்சுப் போடுங்க."

பிறகு காற்று வந்தது. எண்ணெய்ப்பனை போடுவதற்காகப் பழைய கித்தா மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம். பாதி வெட்டி நின்ற மரம் ஒன்று மத்தியானக் காற்றில் தானாகவே விழுந்து டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டது. அது விழுந்த நேரம்தான் நேரம். அய்யாவு பக்கத்துக் காய் ஒன்று ஹாஜி ஆக இன்னும் ஒரே கட்டம். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "இப்ப விடுங்க, இப்ப" என்று ஜூலியஸ் சொன்னார். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. ரிசீவரைத் தட்டினார். செத்துப் போயிருந்தது.

பிறகு எழுந்து, பலகையை இரண்டு கையிலும் எடுத்து, மூடிகள் நகராமல் மட்டமாகப் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினார்.

"எங்க போறீங்க?" என்றாள் அகத்தா.

"தெரியல. யாராச்சும் இருப்பாங்க."

அகத்தா கதவைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தாள். வழியில் ஆடுமாடு வந்தால் விரட்ட ஓர் ஆள் வேண்டுமே.

கம்பி போன வழியே நடந்தார்கள். மரம் விழுந்த வளைவில் ஏற்கனவே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சுளகில் பலகை, பலகையில் புளியங்கொட்டையும் மொச்சையும். முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பக்கமிருந்து வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் மிக மெதுவாக நடந்து வந்தார். அவர் மருந்துத் தட்டில் சிவப்பு மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் வரிசையாக இருந்தன. ஆற்றுப் பக்கமிருந்து ஒல்லியாக, எண்ணெய்க் கறை படிந்த கால்சட்டையோடு ஒருவர். அவர் பலகையில் நட்டும் வாஷரும். கடைசியாக ஒரு கிழவர் வெறும் தட்டொன்றை அதே மாதிரி மட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் ஏதோ கொண்டுவருவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜூலியஸ் இரண்டு பேரை அடையாளம் கண்டார். மளிகைக் கடையில் எடை போடுகிற அம்மா. தனக்கு ஊசி போட்ட டிரஸ்ஸர். இவர்களோடா இத்தனை நாள் யானிலும் கூலிமிலும் சண்டை பிடித்தோம்?

உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெரார்ட் வானத்தைப் பார்த்து, "மழை வரும் போல" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எல்லாரும் அவரவர் பலகையைப் பார்த்தார்கள்.

அகத்தாதான் சொன்னாள். "மூஞ்சியப் பாத்துப் பேச வெக்கமா இருந்தா திரும்பி நின்னு பேசுங்களேன்."

அப்படியே செய்தார்கள். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். ஆளுக்கொரு பக்கம் கித்தா மரங்களைப் பார்த்துக்கொண்டு, பலகையை மட்டமாகப் பிடித்துக்கொண்டு. உடனே பேச்சு சரளமாக வந்தது.

"சரி, விட்ட எடத்துலேர்ந்து போவோம்," என்றார் அய்யாவு. "புது சார் வந்திருக்காரா?"

ஜூலியசுக்குக் கை இரண்டும் பலகையில். கைக்குட்டையை எடுக்க முடியவில்லை. அகத்தாவைப் பார்த்தார். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் புருஷன் வாயை மூடினாள்.

"வந்திருக்கேன்," என்றார் ஜூலியஸ்.

"காய் நகத்துற அண்ணே?" என்றாள் உமையாள்.

அகத்தா கைக்குட்டையை எடுத்தாள். "இருக்கேன்."

முதுகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்ததை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஜெரார்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்தப் பலகையிலங்க ஆட்டம்?"

டெலிபோன் கம்பத்தின் உச்சியில் லைன்மேன் இருளப்பன் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு தொங்கினார். அறுந்த கம்பியை ஒட்ட வந்தவர். எப்போது ஏறினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"என்ன கேக்குறீங்க?" என்றார் ஜூலியஸ்.

"நானும் கம்பம் கம்பமா ஏறி உங்க ஆட்டத்தக் கேக்குறவன்தான். மேலேர்ந்து பாத்தா நாலு பலகையும் தெரியுது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லயே."

எல்லாரும் பலகைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்கள். இருளப்பன் சொன்னது உண்மைதான். ஜூலியஸ் பலகையில் ஹாஜி ஆகவிருந்த காய், உமையாள் பலகையில் ஆட்டத் தொடக்கத்திலேயே செத்துப்போயிருந்தது. ஜெரார்ட் தட்டில் ஏற்கனவே மூன்று ஹாஜி. அய்யாவு பலகையில் ஆட்டம் பாதிகூடத் தாண்டவில்லை. மெர்போக் என்று ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு மெர்கோங் என்று கேட்டிருக்கிறது. சொன்ன காய் பலகையில் இல்லாதபோது, தான்தான் எங்கோ மறந்துவிட்டோம் என்று அவரவர் கௌரவமாக ஒரு காயை எடுத்து வைத்துச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எப்போதிலிருந்து என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"போன வாரம் நாம ஜெயிச்சோமே," என்றார் ஜெரார்ட்.

"எங்க? என் பலகைல அன்னைக்கு நாமதான் தோத்தோம். நான் ராத்திரி சாப்புடக்கூட இல்ல," என்றாள் உமையாள்.

"பாவம்," என்றார் சின்னையா.

"அப்ப எனக்கு வந்த ஜெயமெல்லாம் எந்தப் பலகைல?" என்று அய்யாவு கேட்டார். ஜூலியஸ்தான் அந்தப் புது ஆள் என்ற பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. இத்தனை பெரிய குழப்பத்தில் அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை போலிருக்கிறது.

எல்லாப் பலகையையும் ஒன்றாக்கிவிடலாம் என்று இருளப்பன் யோசனை சொன்னார். எந்தப் பலகை மாதிரி ஒன்றாக்குவது? ஆளாளுக்குத் தன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஜெரார்ட் மூன்று ஹாஜியை விடத் தயாராக இல்லை. உமையாள், தோற்றாலும் அது தன்னுடைய தோல்வி என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இருளப்பனுக்கும் ஓர் உதவி வேண்டியிருந்தது. கம்பியை ஒட்டியாயிற்று, யாராவது போய் ஆபீசிலிருந்து பேசிப் பார்க்க வேண்டும். கை காலியாக இருந்தவள் அகத்தா ஒருத்திதான். அவள் வேகமாக நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் கம்பத்தின் மேலே இருளப்பன் தன் கருவியைக் காதில் வைத்து, "நல்லா கேக்குதும்மா" என்றார். அப்புறம் கீழே பார்த்து, "ஒங்க சம்சாரம் கூப்புடுறாங்க, ரவிக்கத் துணி மழைல நனையப் போகுதாம், சீக்கிரம் வரச் சொல்றாங்க" என்றார்.

ஜூலியசும் அய்யாவும் கொஞ்ச தூரம் ஒரே வழி. இரண்டு பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கல்லில் கால் இடறாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கண் இரண்டும் பலகையில் இருந்ததால் பேச வசதியாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஜூலியஸ். "கைகுட்டைய வச்சிப் பேசினது."

"அன்னைக்கே தெரியும் சார்," என்றார் அய்யாவு. "துணி வச்சா குரலு மாறும். மூச்சு மாறுமா? எத்தன நாளு கேட்டிருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்பப் போயிடுவீங்களே."

சாலை ஆற்றுப் பக்கம் பிரிகிற இடத்தில் அய்யாவு நின்றார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. குனிந்து பலகைமேல் நெஞ்சை வைத்து மறைத்துக்கொண்டார்.

"நாளைக்கு யாரு பலகைய நம்பி ஆடுறது சார்?"

ஜூலியஸ் யோசித்தார்.

"டிரஸ்ஸர் தட்டு வேணாம்," என்றார். "மழைல மாத்திரையெல்லாம் கரஞ்சிடும். மளிகைக் கடை அக்கா பலகைதான். அதுலதான் அவங்க பக்கம் தோத்து, நாம இதுவரைக்கும் ஜெயிச்சிருக்கோம்."

"ஆமா," என்றார் அய்யாவு. "அந்தப் பலகைல நாம நல்லா வெளையாடியிருக்கோம்."